சிவப்புப் பட்டு முடிச்சு

தாஜுதீன் வளர்த்த ஆர்கிட் செடிகளை, அவர் மவுத்தான பிறகு மனைவி மைமூன்தான் பார்த்துக்கொண்டாள். காலையில் கண்ணாடிக் கொட்டகையைத் திறந்து வேர்களுக்குத் தண்ணீர் தெளிப்பாள். பூந்தண்டைக் குச்சியோடு சேர்த்துக் கட்டுவது மட்டும் அவளுக்குக் கைவரவில்லை. அவர் மைமூனின் பழைய புடவை ஓரத்தைப் பல்லால் கடித்து, நாடாவாகக் கிழித்து, இடது கையால் முடிச்சுப் போடுவார். இந்த மழைக்குத் தண்டுகளெல்லாம் மொட்டோடு சாய்ந்து ஒடிந்தன.

அப்போதுதான் நாகலூரிலிருந்து ஷஹீதா ஆள் அனுப்பினாள். "செடிக்கு மருந்தடிச்சுட்டு வர்றேன்" என்று வாரந்தவறாமல் அவர் பஸ் ஏறியது அவள் வீட்டுக்குத்தான். அதுவரை அங்கே போனதேயில்லாத மைமூன், அன்று பஸ் ஏறினாள்.

ஷஹீதாவின் கண்ணாடி அறையில் ஒரே தொட்டி. இந்த மாதம் வளர்ந்த தண்டு, நிமிர்ந்து பூத்திருந்தது. கணுவுக்குக் கணு சிவப்புப் பட்டில் இடக்கை முடிச்சு.

"சாவி என்கிட்டத்தானுங்க இருக்குது, அக்கா. தண்டு வளர வளர முடிச்சும் வருதுங்க. நொம்ப பயமா இருக்குதுங்க."

"நீ எதுக்குப் பயப்படற கண்ணு? உன்ற ஊட்டுக்குத்தான வர்றாரு."

வீடு திரும்பிய மைமூன் இடுப்புச் சாவியை எடுத்து டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். நிக்காஹ் அன்று கட்டிய சிவப்புப் பட்டு, வைத்த மடிப்பிலேயே இருந்தது. பிரித்தாள். முந்தானையில் பாதியைக் காணோம். மிச்சமிருந்த ஓரத்தில், அடுத்த நாடாவுக்காகப் பல் பதிந்திருந்தது. அந்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது.