வைட்டமின் பொருத்தம்

ஜாதகத்தின் இடத்தை ரத்தத்திலுள்ள வைட்டமின் அளவு பிடித்துக்கொண்டு வெகுகாலமாயிற்று. அதனால் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதுமே சாரிகாவின் அம்மா அவளுக்கு மாத்திரைகளைத் திணிக்க ஆரம்பித்துவிட்டாள். வைட்டமின் டி, மீன் எண்ணெய், துத்தநாகம், இன்னும் என்னென்னவோ. ஒரு மாதமாகச் சாரிகாவுக்கு ஓயாத தாகம். வயிறு கல்லாக இறுகிக் கிடந்தது. ஏப்பம் விட்டால் மீன் நாற்றம்.

"குமட்டுதும்மா, போதும்."

"அவங்க வந்து பார்த்துட்டுப் போற வரைக்கும் பொறுத்துக்கோடி."

ஞாயிற்றுக்கிழமை வந்த மாப்பிள்ளையின் அம்மா கேசரியைத் தொடக்கூட இல்லை. சாரிகாவின் விரலில் ஊசியைக் குத்தி, கைக்கருவியில் வந்த எண்ணைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"எங்க வம்சத்துலயே யாருக்கும் இவ்வளவு ஏறினதில்ல."

மாப்பிள்ளையும் எட்டி அந்த எண்ணைத்தான் பார்த்தான்.

அதற்குமேல் சாரிகாவால் அடக்க முடியவில்லை. கேசரித் தட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். மஞ்சள் எண்ணெய்க்கு நடுவே, காலையில் விழுங்கிய மாத்திரைகள் கரையாமல் கிடந்தன. இந்தச் சம்பந்தம் இதோடு ஒழிந்தது என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். தட்டிலிருந்து ஒரு மாத்திரையை இரண்டு விரலால் எடுத்து, முந்தானையில் துடைத்து, அதில் பொறித்திருந்ததைப் படித்தாள்.

"நல்ல கம்பெனிதான். எங்களுக்குச் சம்மதம்."

சாரிகாவின் அம்மா அந்த மாத்திரையைப் பணிவாக வாங்கிக் கழுவி, தண்ணீர்த் தம்ளரோடு மகளின் வாயருகே கொண்டுவந்தாள்.

"முழுங்கிடு. சம்பந்தியம்மா பார்க்கிறாங்க."