ஒரு மணி செய்தியில் வருத்தம்

"இந்த மாதிரி ஆளை ஒரு நிமிஷம்கூட வெச்சிக்கக் கூடாது சார்" என்றான் கார்த்திகேசன்.

கடலூரில் ஓர் உள்ளூர் சேனலின் ஏசி ரூம். மேஜைக்கு அந்தப் பக்கம் முதலாளி ராஜமாணிக்கம். இந்தப் பக்கம் மேனேஜர் கார்த்திகேசனும் செய்தி வாசிக்கும் பவானியும். உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டிருந்தவர் ராஜவேல். பன்னிரண்டு வருஷமாக அந்தச் சேனலின் விளையாட்டு வர்ணனையாளர்.

நேற்று சிதம்பரத்தில் கால்பந்து ஃபைனல். நேரலை. அங்கே காலேஜில் படிக்கும் தான்சானியா நாட்டு மாணவர் ஒருவர் மூன்று கோல் போட்டார். மூன்றாவது கோலுக்கு ராஜவேல் உணர்ச்சிவசப்பட்டு, "காட்டுலேருந்து அவுத்துவுட்ட மிருகம் மாதிரி வர்றான் பாருங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டார். யாரோ அந்த ஒன்பது வினாடியை மட்டும் வெட்டிப் போட, விடிவதற்குள் ஊரே பார்த்துவிட்டது. அவரை வேலையை விட்டுத் தூக்கு என்று கமெண்ட் எழுதியவர்களில் பாதிப் பேர் ராஜவேலின் நிறத்தை வைத்துத்தான் திட்டியிருந்தார்கள்.

"இது இனவெறிய்யா" என்றார் ராஜமாணிக்கம். அந்த வார்த்தையை அவரும் காலையில்தான் கமெண்டில் படித்திருந்தார்.

"தப்புதான் சார். பாராட்டுறதா நெனச்சி சொல்லிட்டேன். வூட்டுக்குப் போயி திரும்பக் கேட்டப்ப எனக்கே அசிங்கமா இருந்திச்சி. நம்மூர்ப் பையன் யாராவது கோல் அடிச்சிருந்தா அந்த வார்த்தை என் வாயில வந்திருக்காது. டிவியிலயே மன்னிப்பு கேக்குறேன் சார். வேலைய மட்டும் எடுத்துடாதீங்க. எனக்கு வேற தொழில் தெரியாது."

"உன் மன்னிப்ப வெச்சிக்கிட்டு நான் என்னய்யா பண்றது? ஸ்பான்சர் போன் பண்ணி கிழிகிழின்னு கிழிச்சிட்டாரு. நெறத்தப் பாத்து மனுசன எட போடுறது அவுங்க கம்பெனி கொள்கைக்கே விரோதமாம்."

ஸ்பான்சர், மேல்பட்டாம்பாக்கத்தில் முகத்துக்குப் பூசும் க்ரீம் தயாரிப்பவர். ஏழே நாளில் சிவப்பழகு என்ற அவருடைய விளம்பரம் அந்த மேட்சுக்கு நடுவில் பதினொரு தடவை ஓடியது.

ராஜவேல் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வேலை, மன்னிப்பு அறிக்கை. ஒரு மணி செய்தியில் வாசித்தாக வேண்டும்.

"உருக்கமா எழுதுய்யா. கேக்குறவனுக்குக் கண்ணு கலங்கணும்" என்றார் ராஜமாணிக்கம். பிறகு பவானியைப் பார்த்தார். "நீ மேக்கப் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுக்கம்மா. இனவெறியப் பத்தி வாசிக்கிறப்ப மொகம் கருப்பாத் தெரிஞ்சா நல்லா இருக்காது."

பவானி போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். வேலை அவளுக்கும் வேண்டியிருந்தது.

கார்த்திகேசன் எழுதியதைப் படித்துக் காட்டினான். "நிறத்தால் யாரும் தாழ்ந்தவர் இல்லை என்பதை உயிர்மூச்சாகக் கொண்ட எங்கள் சேனல், மாணவர்..." அத்தோடு நிறுத்தினான். "அவுரு பேரு என்ன சார்?"

"ஸ்கோர் டைப் பண்ணது நீதானய்யா?"

"நான் 'ஆப்பிரிக்கா, மூணு கோல்'னுதான் சார் போட்டேன்."

"பரிசு குடுத்தது நீங்கதானே சார்?" என்று பவானி கேட்டாள். "பேரைச் சொல்லிக் கூப்புடலையா?"

"கருப்புத் தம்பி, வாங்கன்னு கூப்புட்டேன். வந்தாரு."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ராஜவேல் அண்ணன் ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி பேரு கேட்டு எழுதிக்குவாரு சார்" என்றாள் பவானி. "ஆட்டம் பூரா பேரைச் சொல்லித்தான் பேசுனாரு. வீடியோவுல இருக்குமே."

"பயந்துபோயி காலையிலயே முழுசா டெலிட் பண்ணிட்டேன்" என்றான் கார்த்திகேசன்.

காலேஜுக்குப் போன் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரும் எடுக்கவில்லை. மணி பன்னிரண்டே முக்கால் ஆகிவிட்டது.

"ஆப்பிரிக்கச் சகோதரர்னு போட்டுடலாமா சார்?"

"பேரே இல்லாம மன்னிப்பு கேட்டா அதுக்கும் கமெண்ட் போடுவானுங்கய்யா."

வேறு வழியில்லை. ராஜமாணிக்கம் ராஜவேலுக்கே போன் போட்டார்.

"எங்கய்யா இருக்க?"

"சிதம்பரத்துல சார். அந்தத் தம்பிய நேர்ல பாத்து மன்னிப்பு கேக்கலாம்னு ஆஸ்டலுக்கு வந்தேன். இதோ பக்கத்துலதான் இருக்காரு. பேசுங்க."

வேண்டாம் என்று சொல்வதற்குள் போன் கைமாறிவிட்டது.

"வணக்கம் சார்." மூன்று வருஷமாகச் சிதம்பரத்தில் பழகிய தமிழ், நிதானமாக வந்தது. "இவர் சொன்னது எனக்கு வலிச்சுது. அதை இவர்கிட்டயே சொன்னேன். இவரும் தப்புன்னு ஒத்துக்கிட்டாரு. நாங்க பேசி முடிச்சிட்டோம். ஆனா இவரை வேலையை விட்டு எடுத்துட்டீங்களாமே. என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே சார். உண்மையாவே எனக்காகத்தான் எடுத்தீங்களா?"

"சத்தியமா உங்களுக்காகத்தான் தம்பி. உங்களுக்கு ஒரு அவமானம்னா அது எனக்கே வந்த மாதிரி. நேத்து பரிசு குடுக்குறப்பவே உங்கள என் சொந்தப் புள்ளையாத்தான் நெனச்சேன்."

"நன்றி சார். இப்ப எதுக்குக் கூப்பிட்டீங்க?"

கார்த்திகேசன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு முதலாளியின் வாயையே பார்த்தான்.

ராஜமாணிக்கம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உங்க பேரு என்னன்னு கேக்கத்தான் தம்பி."