எதிர்வீட்டுக் கண்

ஹெல்மெட் போட்ட மூன்று பேர் படுக்கையறைக்குள் புகுந்து தோளைப் பிடித்து உலுக்கினால் யார்தான் அலறமாட்டார்கள்? சாரங்கா வீடே அதிர அலறினாள்.

வந்தது தீயணைப்புப் படை. பின்னால் ஒரு பொலிஸ்காரி. தீயும் இல்லை, புகையும் இல்லை. நடுப்பகல் தாண்டியும் சாரங்கா தூங்கிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். காதில் அடைப்பான், போன் சைலண்ட், நேற்று இரவு விழுங்கிய தூக்க மாத்திரை வேறு.

உடைந்த வாசற்கதவின் அருகே எதிர்வீட்டுக் கெல்லர் கிழவி, வீட்டுச் செருப்போடு தெருவைக் கடந்து வந்து நின்றாள். இவர்களைக் கூப்பிட்டதே அவள்தான்!

சாரங்காவின் நடுக்கம் ஒரு நொடியில் கோபமாக மாறியது. அவள் சாதாரண ஆளா? நியூ ஜெர்சிக்காரி. ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகும் அமெரிக்கர்களுக்குப் புத்தி சொல்லும் அவளுடைய யூடியூப் சானலை லட்சம் பேர் பார்க்கிறார்கள்.

போனை எடுத்தாள். கிழவியின் முகத்துக்கு நேரே பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே ஆங்கிலத்தில் கத்தினாள்.

"தூங்குவது இந்த நாட்டில் குற்றமா? அமெரிக்காவாக இருந்தால் உன்மேல் வழக்குப் போட்டிருப்பேன்!"

கிழவி அசையவில்லை. சாரங்காவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெர்மன் மொழியில் ஏதோ ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சாரங்கா கையை உதறினாள். என்ன நடிப்பு!

மாலையில் தேனுஜா வேலையிலிருந்து ஓடி வந்தாள். சாரங்காவின் சின்னம்மா மகள். ஜெர்மனியின் ஹனோவர் நகரில் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை, உள்ளே போன் எடுக்க முடியாது. வெளியே வந்து பார்த்தபோது கெல்லர் கிழவியின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன.

"அக்கா, உங்களுக்கு ஒண்டும் இல்லைத்தானே?" தேனுஜாவின் முகம் வெளுத்திருந்தது.

"எனக்கென்ன? வாசற்கதவைப் போய்ப் பார். அந்தக் கிழவிக்கு வேற வேலை இல்லையோ? ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாதாம், போத்தில் தொட்டிக்குள்ள போத்தில் போட்டதுக்குக் கத்தினா. வாகனமே இல்லாத ரோட்டை சிவப்பு லைட்டில கடந்ததுக்குக் கத்தினா. இப்ப நித்திரை கொண்டதுக்குப் பொலிஸ்!"

"ரோலாடனை உயர்த்தச் சொன்னனான், அக்கா..."

ரோலாடன் என்பது ஜன்னலுக்கு வெளியே இறங்கும் மறைப்பு. இரவில் இறக்குவார்கள், விடிந்ததும் உயர்த்துவார்கள். நேற்று இரவு சாரங்கா படுக்கப் போகும்போதும் தேனுஜா அறை வாசலில் நின்று சொன்னாள், விடிந்ததும் உயர்த்திவிடுங்கள், கெல்லர் அம்மா பார்த்துக்கொண்டிருப்பார் என்று.

"ஏன், நான் அவவுக்கு அட்டெண்டன்ஸ் குடுக்கவேணுமோ?" சாரங்கா சீறினாள். "எங்கட அமெரிக்காவில பக்கத்து வீட்டுக்காரன் செத்துக் கிடந்தாலும் கேக்காமல் ஒருத்தரும் எட்டிப் பாக்கமாட்டினம். அதுக்குப் பேர்தான் மரியாதை!"

சாரங்கா படுத்திருந்தது தேனுஜாவின் அம்மா சந்திரகாந்தியின் அறை. இரண்டு வருடத்துக்கு முன் இந்த வீட்டிலேயே காலமானவர். செத்தவீட்டுக்கு வரமுடியாமல் போன சாரங்கா இப்போதுதான் முதல்தடவையாக வந்திருக்கிறாள். சுவரில் மாலை போட்ட படத்துக்குள் சின்னம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கே வீடியோவை ஏத்தப்போறன். 'ஜெர்மன் அயலவர்: கவனம்!' எண்டு தலைப்பு. கிழவியின்ர முகம் ஊர் முழுக்கத் தெரியவேணும்."

"வேண்டாம் அக்கா. கெஞ்சிக் கேக்கிறன். அவ தனிய இருக்கிற மனிசி. இந்தத் தெருவில தலைநிமிந்து நடக்கவேணும்."

"உன்ர கதவு உடைஞ்சிருந்தா நீ இப்பிடிக் கதைப்பியோ?"

"உடைஞ்சது என்ர கதவு, அக்கா."

சாரங்கா விட்டுக்கொடுக்கிற பிறவி இல்லையே!

"எனக்கு நீ ஒரு உதவிதான் செய்யவேணும். அவ என்ன சொல்லித் திட்டுறா எண்டு மொழிபெயர்த்துத் தா. கீழ எழுத்தில போடுறன். மிச்சத்தை நான் பாக்கிறன்."

போனை நீட்டி வீடியோவைத் தட்டிவிட்டாள்.

சாரங்காவின் கத்தல் முதலில் வந்தது. பிறகு கிழவியின் உடைந்த குரல், அதே வசனம், மறுபடி மறுபடி. தேனுஜா கேட்டுக்கொண்டே மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தாள். கண்கள் நிறைந்து வழிந்தன.

சாரங்கா வீடியோவை நிறுத்தினாள்.

"என்னடி? அவ்வளவு கேவலமாத் திட்டுறாவோ?"

"திட்டேல்லை." தேனுஜா மூக்கை உறிஞ்சினாள். "'இந்த முறை நான் காத்திருக்கேல்லை, இந்த முறை நான் காத்திருக்கேல்லை' எண்டு சொல்லுறா."

"இந்த முறையோ? அப்ப முந்தி எந்த முறை?"

தேனுஜா சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"அம்மா நித்திரையில போயிட்டா எண்டுதான் உங்கள் எல்லாருக்கும் சொன்னனாங்கள். அது பொய், அக்கா. நான் அப்ப மியூனிக்கில வேலை. அம்மா இந்த அறையிலதான் விழுந்து கிடந்தவ. உயிரோட, எழும்ப ஏலாமல் இருந்து, அண்டிரவுதான் போனவ. ரோலாடன் பகல் முழுக்க இறக்கினபடி."

"அப்ப... அந்தக் கிழவி பாக்கேல்லையோ?"

"பாத்தவ. அடுத்தவை வீட்டுக் கதவை தான் போய்த் தட்டுறது மரியாதை இல்லையெண்டு நினைச்சு, அடுத்தநாள் விடியுமட்டும் பாத்துக்கொண்டே இருந்தவ."