கோப்பிக் காலத்துக் கல்

இராமையா குழி தோண்டும் அலவாங்கைக் கல்லுக்குப் பக்கத்தில் ஊன்றிவிட்டு, உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டான்.

நாகலெட்சுமிக்கு நிலத்தில் கால் தரிக்கவில்லை.

கூடையை இறக்கி வைத்தாள். மறுபடியும் எடுத்து மாட்டிக்கொண்டாள். தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிந்த வெறுங்கூடை. எதற்கு மாட்டினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. லயத்து வீடுகளின் பெண்கள் எல்லோரும் காலையிலிருந்து கைக்காசுக்குப் பறித்திருந்தார்கள். வழக்கமாக அந்தக் காசு பொழுது சாய்வதற்குள் கருவாடாகவும் மண்ணெண்ணெயாகவும் மாறிவிடும். இன்று அது சங்கத் தலைவர் பொன்னையா விரித்துப் பிடித்த துண்டில் விழுந்தது.

கல்லுக்காக.

போதவில்லை. துண்டைப் பார்த்தாலே தெரிந்தது.

முழங்கால் உயரக் கல். ஒரு பக்கம் உளி பட்ட கோடுகள். பள்ளிக்கூடத்து லோரன்ஸ் மாஸ்டர்தான் ஒருநாள் அந்தக் கோடுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, இது தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்துக் கல், காடு வெட்ட வந்த முதல் ஆட்கள் நட்டது என்று சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. இதைக் காப்பாற்ற வேண்டும் என்று தோட்டத்துத் துரைக்கும் எழுதினார், பட்டணத்துச் சபைக்கும் எழுதினார்.

தேயிலை விலை விழுந்து கிடக்கும்போது கல்லுக்கா செலவழிப்பது என்றார் துரை. பழையதைப் பராமரிக்கக் காசு ஒதுக்கவில்லை என்றது சபை. தோட்டத்தார் கூரை போட்டுப் பாதுகாத்தால் சரி, இல்லையென்றால் லொறி அனுப்பிக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய்ச் சபை வாசலில் வைத்துக்கொள்கிறோம் என்றும் சொல்லிவிட்டது.

லொறி நாளைக்கு வருகிறது.

"இருக்குற காசுக்கு நாலு கம்பத்த நட்டுருவோம். கூரையப் பொறகு பாப்போம். குழியக் கண்டாத்தான் லொறிக்காரன் திரும்பிப் போவான்" என்றார் பொன்னையா.

"வெறுங் கம்பத்த நட்டு என்னா செய்யப் போறீங்க தலைவரே? சாமிக்கு மாடு கட்டவா?" என்றாள் காளியாயி.

எல்லோரும் சிரித்தார்கள். நாகலெட்சுமியும் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் அவள் கண் அலவாங்கின் நுனிக்குப் போய்விட்டது.

லொறி வந்தால் கல் போய்விடும். லொறியைத் திருப்பி அனுப்பவோ குழி தோண்ட வேண்டும். சபையின் பதில் வந்த நாளிலிருந்து இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் அலைந்துகொண்டிருந்தாள். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அடுப்பு மூட்ட மறந்தாள். தேயிலை நிரையில் முற்றின இலையைப் பறித்துக் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கினாள்.

"மாஸ்டர், இதையும் எழுதுங்க" என்று காளியாயி விடவில்லை. "இந்த மலையில கொழுந்தெடுக்க எறங்கையில மொதல்ல கிள்ளுற கொழுந்த இந்தக் கல்லு மேல வச்சிட்டுத்தான் எறங்குவோம். எங்க மாமியா காலத்துலேருந்து அப்பிடித்தான். அதுக்கு முந்தியும் அப்பிடித்தானாம்."

"எழுதிவிட்டேன்" என்றார் லோரன்ஸ் மாஸ்டர். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரரான அவர்கூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

இராமையா அலவாங்கை ஓங்கினான்.

"தோண்டாதீங்க!"

சங்கக் கூட்டத்தில் ஒரு தடவைகூட வாய் திறக்காதவள். எல்லா முகங்களும் திரும்பின. ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். நாகலெட்சுமி கூடைக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கம்பமும் வேணாம், கூரையும் வேணாம். நனைஞ்சா கரையுறதுக்கு இது என்னா சீனியா? ஆத்துல கல்லு சும்மாதான் கெடக்கு. கொண்டாந்து சுத்தி அடுக்கி மேடையாக் கட்டிருவோம். கட்டிப் பாதுகாத்துட்டா லொறிக்காரன் எப்பிடிப் பேத்துட்டுப் போவான்? சீமெந்துக்கு இந்தக் காசு காணும். அம்புட்டுப் பேரும் கை போட்டா இருட்டுறதுக்குள்ள முடிச்சிரலாம்."

பொன்னையா துண்டைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அடேயப்பா! ஒங்கள தொரையாப் போட்டிருந்தா தோட்டம் நட்டத்துல ஓடுமாக்கா?"

சிரிப்பு மலை முழுக்கக் கேட்டது. பெண்கள் அப்போதே கூடையோடு ஆற்றுப் பக்கம் இறங்கத் தொடங்கினார்கள். லோரன்ஸ் மாஸ்டர் மட்டும் நின்றார்.

"அத்திவாரத்துக்குக் கொஞ்சமாவது தோண்ட வேண்டுமே, அம்மா?"

"ஒரு சாண் போதுங்க மாஸ்டர். அதுவும் கல்லை ஒட்டி வேணாம், தள்ளித் தோண்டச் சொல்லுங்க. அடியில பாறை."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. இந்த மலையிலேயே கிடக்கிறவளுக்குத் தெரியாதா என்று நினைத்திருப்பார்.

செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியால்தான் பல வருஷத்துக்கு முன்னால் அங்கே தோண்டினார்கள், அவளும் அவள் புருஷன் செல்லசாமியும், கொட்டுகிற மழையில். முழங்கை ஆழத்தில் பாறை இடித்தது. துணியில் சுற்றிக் கொண்டுவந்ததும் முழங்கை நீளம்தான் இருந்தது. காட்டுப்பன்றி கிளறிவிடக் கூடாது என்று செல்லசாமி இடிந்து கிடந்த கோப்பி ஸ்டோரின் வாசற்படியிலிருந்து ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து மேலே நிறுத்தினான். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றான். அவனும் போய்ச் சேர்ந்து எத்தனையோ கவ்வாத்துக் காலம் ஆகிவிட்டது.

மறுநாள் பேர் விழாமல் சம்பளம் போய்விடக் கூடாதென்று, பால் கட்டிய மார்போடு அவள் இதே மலைக்குக் கொழுந்தெடுக்க வந்தாள். கையில் ஒரு பூக்கூட இல்லை. முதலில் கிள்ளிய கொழுந்தைக் கல்லின் மேல் வைத்தாள்.

அடுத்த நிரைக்காரி காளியாயி. அப்போது கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்த புதிது. என்ன சாமி என்று கேட்கவில்லை. பார்த்துவிட்டு, தானும் ஒன்று கிள்ளி வைத்தாள்.