பதினேழாவது ஊர்

"மண்டப வாசல்ல ஸ்கேனர் வெக்கறேன். கல்யாணப் பத்திரிகையில ஒரு க்யூஆர் கோடு இருக்கும். அதைக் காட்டினாத்தான் உள்ள விடுவாங்க. எவன் ஓசியில சாப்பிட வர்றான்னு பாத்துடறேன்!"

சேக்காட்டில், தன் வீட்டுக் கூடத்தில் நின்று சபதம் போட்டுக்கொண்டிருந்தார் கஜபதி. தை மாதம் மகள் ஷோபனாவுக்குக் கல்யாணம். ஆவடியில் முப்பத்தைந்து வருஷம் பீரங்கி வண்டிக்கு போல்ட் முடுக்கி ரிட்டயர் ஆனவர். இப்போது குடும்பத்தை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"கல்யாணம்னா நாலு பேர் கூட வரத்தான் செய்வாங்க" என்றாள் மனைவி பார்வதம்.

"வரட்டும். நாலு கோடு காட்டட்டும். போன மாசம் தமிழரசு சாரோட அறுபதாம் கல்யாணத்துல என்ன ஆச்சு? பந்தியில ஒரு பொடிப்பய. யாருப்பா நீன்னேன். மாப்பிள்ளையோட காலேஜ் மேட்டுங்கறான்!"

ஷோபனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல என்கூட வளர்ந்தவங்க அத்தனை பேரும் வாசல்ல நின்னு பத்திரிகையைக் காட்டணுமா? எனக்கு அசிங்கமா இருக்குப்பா."

"அசிங்கம் இல்லம்மா, கௌரவம். நாம என்ன சாதாரணக் குடும்பமா?"

நாளை அச்சுக்குப் போக வேண்டிய பத்திரிகையின் முதல் வரியை ராகம் போட்டுப் படித்தார். "பதினேழு கிராம மிராசுதார் ஏகாம்பரம் - ஜெகதாம்பாள் தம்பதியின் கொள்ளுப்பேரன் கஜபதியின் குமாரத்தி..."

இந்த மிராசு நாலு மாதத்துக்கு முன்னால் பிறந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஈரோட்டில் நூறு ஏக்கர் மஞ்சள் தோட்டம் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே கஜபதி பரணில் ஏறிவிட்டார். தகரப் பெட்டியில் கொள்ளுத்தாத்தா ஏகாம்பரத்தின் நோட்டு கிடைத்தது. அதில் தேதியும் ஊர்ப்பெயருமாகப் பதினேழு வரி. கடைசி இரண்டு தாள் மட்டும் ஒட்டிக்கொண்டு பிரியவில்லை.

அந்த ஊர்கள் அவரைப் படாத பாடு படுத்தின. எல்லாம் பூந்தமல்லியைச் சுற்றித்தான். ஆனால் எங்கே? குருவிப்பேடு, மெட்ரோ தூணுக்கு அடியில் போயிருந்தது. நாவல்தாங்கல் ஏரி மூன்று பிளாக் அடுக்குமாடியாகி, மழைக்காலத்தில் மட்டும் மறுபடி ஏரியாகிக்கொண்டிருந்தது. கூலிப்பாக்கம் எங்கே என்று போனில் தேடினால் ஒரு பியூட்டி பார்லரைக் காட்டியது.

ஸ்கூட்டரில் அலைந்து, டீக்கடை டீக்கடையாக விசாரித்து, பதினாறு ஊரைப் பிடித்துவிட்டார். பதினேழாவதான ஒத்தைப்பனஞ்சேரி மட்டும் சிக்கவே இல்லை.

"அதுதான் நம்ம தலைநகரா இருந்திருக்கும்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

மெனு பேச வந்த சமையல்காரர் வேம்புலியிடமும் நோட்டை நீட்டினார். "பாரு, பதினேழு ஊர். ஒவ்வொண்ணாப் போய் நிலத்தைப் பாத்துட்டு வந்திருக்கார்!"

வேம்புலி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு தன் பையிலிருந்து ஆர்டர் நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"தப்பா நெனச்சிக்காத சார். ரெண்டும் ஒரே மாரி கீது."

"என் கொள்ளுத்தாத்தாவ சமையல்காரர்ங்கறியா?"

"அது தெர்ல சார். ஆனா இங்க பாரு. தை கீது, வைகாசி கீது, ஆவணி கீது. ஆடில ஒண்ணும் இல்ல. பொரட்டாசில இல்ல, மார்கழில இல்ல. நெலம் பாக்கற மன்சன் மார்கழி பூரா போத்திகினு தூங்குவாரா? இது அத்தினியும் முகூர்த்த நாளு சார்."

கஜபதி ஒரு நிமிஷம் தடுமாறினார். ஒரே நிமிஷம்தான்.

"பாத்தியா பார்வதம்! பதினேழு ஊர்லயும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டு முதல் மரியாதை செஞ்சிருக்காங்க!"

பார்வதம் நோட்டை வாங்கிப்போய், ஒட்டியிருந்த தாள்களை இட்லிப் பானை ஆவியில் காட்டினாள். மெல்லப் பிரிந்து வந்தன. வேம்புலி குனிந்து மோந்து பார்த்தார்.

"ஒட்டிகினு இருந்தது பாயாசம் சார்" என்றார்.

கஜபதி தொண்டையைச் செருமிக்கொண்டு கம்பீரமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"குருவிப்பேடு. அழைப்பு இல்லை. வடை மூன்று. நாவல்தாங்கல். அழைப்பு இல்லை. பாயசம் இருமுறை. கூலிப்பாக்கம். அழைப்பு இல்லை. யார் என்று கேட்டார்கள். மாப்பிள்ளையின் சிநேகிதன் என்றேன்..."

போகப் போகக் குரல் இறங்கியது. கடைசிக் குறிப்புக்கு வந்ததும் நின்றே போனது. உதடு மட்டும் அசைந்தது. நோட்டை மூடி மேஜைமேல் வைத்தார். பேனாவை எடுத்து, பத்திரிகையில் 'பதினேழு கிராம மிராசுதார்' என்பதை ஒரே கோடாக அடித்தார். பிறகு போனை எடுத்தார்.

"தம்பி, அந்த ஸ்கேனர் வேணாம்ப்பா. ஆமா, வேணவே வேணாம். வாசல்ல சந்தனமும் கல்கண்டும் போதும்." வேம்புலி பக்கம் திரும்பினார். "இருநூறு இலை சேத்துப் போடு."

"அப்படி என்னதாம்ப்பா எழுதியிருக்கு?" என்று ஷோபனா நோட்டைப் பிரித்து உரக்கப் படித்தாள்.

"ஒத்தைப்பனஞ்சேரி. அழைப்பு இல்லை. சாம்பாரில் உப்பும் இல்லை. பரிமாறிய பெண் பெயர் ஜெகதாம்பாள். மறுபடி போக வேண்டும்."