பூட்டில்லாத காப்பி

"நடுவுல ஒரு பத்திய வுட்டுப்போட்டீங்க அம்மிணி," என்றார் லிங்கப்பன், இரண்டு கண்களிலும் கட்டோடு படுத்தபடி.

நர்ஸ் ஜூலி மொபைல் திரையை மேலே தள்ளிப் பார்த்தாள். உண்மைதான். பெரியவருக்குக் காது ரொம்பக் கூர்மை என்று நினைத்துக்கொண்டாள்.

ஹனூர்ப் பக்கத்து விவசாயி. பயிருக்கு மருந்தடிக்கையில் கண்ணில் தெறித்து, மைசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து நாலு நாளாகிறது. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷராக இருக்கும், பொழுதாவது போகட்டும் என்று, மத்தியான ஓய்வில் அவள்தான் நாவல் வாசித்துக் காட்டினாள்.

"இந்தப் பொஸ்தகம் உங்களுக்கு எங்க கெடைச்சுதுங்க?"

"வாங்கலீங்க ஐயா. ஒரு கதை ஆப்புல வந்தது. ஃப்ரெண்ட் அஷ்வினி அதோட லாக்கை ஒடச்சு அனுப்பினா, அஷ்டே, அவ்வளவுதான். எங்க ஹாஸ்டல் பூரா ஓடுது. எழுதினவரு வந்து கேக்கவா போறாரு?"

லிங்கப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் விஜயநகர் ஹாஸ்டலுக்குப் போகும் பஸ்ஸில் ஜூலி கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். ஆசிரியர் படம் இருந்தது. அதே நரைத்த மீசை, மோவாயில் அதே தழும்பு. கீழே, 'பாலாறன் என்ற பெயரில் எழுதும் லிங்கப்பன், ஹனூரில் விவசாயம் செய்கிறார்.'

காது மடலெல்லாம் சுட்டது. பக்கத்து சீட்டுக்காரி பார்த்துவிடப் போகிறாளே என்று மொபைலை மடியில் கவிழ்த்தாள்.

மறுநாள் காலை அவருக்குச் சொட்டு மருந்து போட வேறு நர்ஸை அனுப்பினாள். கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் இன்னும் கூசியது. மத்தியானம், வேறு வழியில்லாமல் போய் நின்றாள்.

"மன்னிச்சிடுங்க ஐயா. நீங்கதான்னு தெரியாம... தெரியாட்டியும் தப்புதான். ஹாஸ்டல்ல எல்லாரையும் அழிக்கச் சொல்லிட்டேன். இதையும் உங்க எதிர்லயே அழிச்சிடறேன்."

விரல் திரையைத் தொடுமுன் அவர் அவள் கையைப் பிடித்துவிட்டார். தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.

"வேண்டாங்க அம்மிணி! அந்தக் கதை ஆப்புக் கம்பெனிக்காரங்க இருக்காங்கல்ல, அவிங்க ஆப்புலயே எழுதுனதுங்க. கம்பெனிய மூடிப்போட்டாங்க. என்ர கதைய என்னாலயே தொறக்க முடியல."

குரல் இன்னும் இறங்கியது.

"அந்தக் காப்பிய எனக்கும் ஒண்ணு அனுப்பி வுடறீங்களா?"