கலவை வைக்காத கல்

ஊரில் கட்டிய புதுச் சர்ச்சை, புதுக்கோயிலை, மந்திரித்துத் திறப்பதற்கு முந்தின நாள் கல்வெட்டு வந்து இறங்கியது. ஐம்பது வயதில் எழுத்துப் படித்த ஞானாதிக்கம் கொத்தனார் அதை மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் பார்த்தார். மின்விசிறி கொடுத்தவர் பேர்கூட இருந்தது; கோயிலைக் கட்டிய அவர் பேர் இல்லை. அந்தக் கோபத்தில், பீடத்துக்கு முன்னால் பதித்த கடைசிக் கல்லுக்கு அடியில் கலவை வைக்காமல் விட்டுவிட்டார்.

பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் பாதம் கழுவிய நினைவாகப் பாதம் கழுவி முத்தி செய்யப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டபோது, பங்குச் சாமியார் முதலில் சொன்னது அவர் பேரைத்தான். நாற்காலியும் அந்தக் கல்லுக்கு நேரே வாய்த்தது. சாமி தண்ணீர்ச் சட்டியோடு வந்து அதன்மேல் முட்டி போட்டதும் கல் ஆடியது.

“எந்தக் கோட்டிக்காரன் பதிச்சான் வே இத?” என்று பக்கத்து நாற்காலிச் சூசை முணுமுணுத்தார்.

ஞானாதிக்கம் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். “எனக்கு வேண்டாம் சாமி. பேரு போடலன்னு நாந்தான் வேணும்னே இந்தக் கல்ல இப்படி விட்டேன்.”

“தெரியும் கொத்தனாரே. தெனமும் நற்கருணை அப்பம் குடுக்கும்போது இதுமேலதான நிக்கேன். கால நீட்டும்.”

அவரால் நீட்ட முடியவில்லை. சாமி நாற்காலிக்கு அடியில் கைவிட்டு, சிமென்ட் அரித்த அந்தக் காலை வெளியே எடுத்து, கழுவுவதற்கு முன்பே உதடு பதித்து முத்தி செய்தார்.